குவாண்டம் கணினிக்கும் தாங்கும் சாவி: எம்எல்-கெம், எச்க்யூசி, மெக்கலீஸ் மூன்றில் எதை எங்கே வைப்பது?

2024 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி, எஃப்ஐபிஎஸ் 203 என்ற எண்ணில் எம்எல்-கெம் என்னும், இரு கணினிகள் ஒரு ரகசியச் சாவியைப் பகிர்ந்துகொள்ள உதவும் சாவிப் பரிமாற்ற முறையைத் தரமாக வெளியிட்டது. ஏழு மாதம் கழித்து, 2025 மார்ச் 11 அன்று, எச்க்யூசி என்ற இன்னொரு முறையையும் அதற்கு மாற்றாளாகத் தேர்ந்தெடுத்திருப்பதாக அறிவித்தது. இவ்விரண்டுக்கும் மூத்ததான, 1978ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்ட மெக்கலீஸ் முறை அந்தத் தேர்வின் நான்காம் சுற்று வரை வந்தும் தேர்வு பெறாமல் நின்றது. ஆனாலும் ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகமான பிஎஸ்ஐ அதைப் பரிந்துரைத்து வருகிறது. ஆகவே, ஒரு நிறுவனத்தின் சர்வர்களையோ செயலியையோ விபிஎன் இணைப்புகளையோ பொறுப்பேற்று நடத்துபவர் முன்னால் இன்று மூன்று சாவிகள் கிடக்கின்றன. எதை எடுப்பது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ‘எது பலமானது’ என்றே கேட்கிறார்கள். மூன்றுமே இன்று அறியப்பட்ட தாக்குதல்களைத் தாங்குகின்றன என்பதால் அந்தக் கேள்வி நம்மை எங்கும் கொண்டு சேர்க்காது. பொதுச் சாவி, அதாவது எவரும் பூட்டுவதற்காக வெளியே கொடுக்கும் சாவி, எத்தனை முறை கம்பியில் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது, பூட்டிய ரகசியம் எத்தனை ஆண்டு வெளிவராமல் இருக்க வேண்டும் என்ற இரண்டையும் கேட்டால்தான் தேர்வு தெளிகிறது என்பது என் கருத்து.

இந்தத் தேர்வை இப்போதே செய்ய வேண்டிய அவசரம் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போதுமான அளவுள்ள குவாண்டம் கணினி ஒன்று இருந்தால் இணையம் இதுவரை நம்பிவந்த ஆர்எஸ்ஏ முறையும் நீள்வளைவு முறைகளும் உடைந்துவிடும் என்பதை பீட்டர் ஷோர் 1994இல் காட்டினார். அத்தகைய கணினி இன்னும் கட்டப்படவில்லை. ஆனால் இன்று கம்பியில் ஓடும் பூட்டிய தரவைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, கணினி வந்த பிறகு திறந்து பார்ப்பதற்கு எவருக்கும் தடையில்லை. நாற்பது வயதுக்காரர் ஒருவரின் மருத்துவப் பதிவு இன்னும் நாற்பது ஆண்டுக்குக் காக்கப்பட வேண்டியது என்றால், அதைச் சுமந்து செல்லும் இணைப்பு நாற்பது ஆண்டுக்குப் பின்னும் திறக்காத பூட்டைக் கேட்கிறது. டிஜிட்டல் கையொப்பத்துக்கு இந்த அளவு அவசரம் இல்லை. இன்றைய உள்நுழைவுக்கான கையொப்பத்தை 2040இல் போலியாகப் போட்டு எவருக்கும் பயனில்லை. எனவே இந்தக் கட்டுரை சாவிப் பரிமாற்றத்தோடு நின்றுகொள்கிறது. 2024 நவம்பரில் என்ஐஎஸ்டி வெளியிட்ட வரைவு அறிக்கை, இப்போதைய ஆர்எஸ்ஏ, நீள்வளைவு முறைகளை 2035க்குப் பின் அனுமதிக்கப் போவதில்லை என்று சொல்வதும் நினைவில் இருக்கட்டும்.

மூன்று முறைகளும் பார்வைக்கு வேறுவேறாக இருந்தாலும் அடியில் ஓடும் எண்ணம் ஒன்றுதான்: வேண்டுமென்றே பிழை செய்வது. தகவல் தொடர்புப் பொறியியல் அறுபது, எழுபது ஆண்டுகளாகப் பிழையோடு போராடி வந்திருக்கிறது. அந்தப் போராட்டத்துக்காகக் கண்டுபிடித்த கருவிகளையே இம்முறைகள் பூட்டாக மாற்றிக்கொண்டன. ரிச்சர்ட் ஹாமிங் 1950இல் வெளியிட்ட குறியீட்டை வைத்து இதைக் கையாலேயே செய்து பார்க்கலாம். 1011 என்ற நான்கு பிட்டை அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதோடு மூன்று சரிபார்ப்பு பிட்டுகளை 1, 2, 4ஆம் இடங்களில் செருகினால் 0110011 என்ற ஏழு பிட் கிடைக்கிறது. வழியில் ஐந்தாவது பிட் புரண்டு 0110111 என்று வந்து சேர்கிறது. பெறுபவர் 1, 3, 5, 7ஆம் இடங்களைக் கூட்டுகிறார்: மூன்று, ஒற்றைப்படை, ஆகவே 1. 2, 3, 6, 7ஆம் இடங்களைக் கூட்டுகிறார்: நான்கு, இரட்டைப்படை, ஆகவே 0. 4, 5, 6, 7ஆம் இடங்கள்: மூன்று, மறுபடியும் 1. முதல் சோதனைக்கு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என்று மதிப்பு வைத்து, ஒற்றைப்படை வந்தவற்றை மட்டும் கூட்டினால் 1 + 4 = 5. பிழை எந்த இடத்தில் என்பதைக் குறியீடே சொல்லிவிட்டது.

ராபர்ட் மெக்கலீஸ் 1978இல் செய்த காரியம், இந்தச் சரிபார்ப்பு முறையை மற்றவரிடமிருந்து மறைத்துவிட்டது. எந்த இடங்களைக் கூட்டினால் பிழை வெளிப்படும் என்பது ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்து, மற்றவர்களிடம் கலைத்துப் போட்ட ஓர் எண் அட்டவணை மட்டும் இருக்குமானால், எவரும் அந்த அட்டவணையைக் கொண்டு செய்தியைக் குறியிட்டு, வேண்டுமென்றே சில பிட்டுகளைப் புரட்டி அனுப்பலாம்; திருத்திப் படிப்பது அந்த ஒருவரால் மட்டுமே முடியும். அவர் கோப்பா குறியீடு என்னும் பிழைதிருத்தும் குறியீட்டை எடுத்துக்கொண்டு, 1,024 பிட் நீளத்தில் 50 பிழைகளைச் செய்தார். பொதுவான ஒரு குறியீட்டில் பிழை தேடுவது எவ்வளவு கடினம் என்பதை அதே ஆண்டில் அவரும் பெர்லகாம்ப், வான் டில்போர்க் ஆகியோரும் நிறுவினார்கள். இம்முறைக்கு எதிரான தாக்குதல்களின் தாய் வழி 1962இல் பிரேஞ்ச் சொன்னது. அதன் பிறகு வந்த மேம்பாடுகள் எல்லாம் சேர்ந்தும் தாக்குபவரின் வேலையைக் கொஞ்சமே குறைத்திருக்கின்றன. 2008இல் பெர்ன்ஸ்டைன், லாங்கே, பீட்டர்ஸ் மூவரும் 1978ஆம் ஆண்டின் அளவுகளை உடைத்துக் காட்டினார்கள் என்பது உண்மை. அன்றைக்கு உடைந்தது அளவுதான். அளவைப் பெரிதாக்கியதும் முறை பழையபடி நின்றது. மறைகுறியியலில் இந்த வயதும் இந்தப் பொறுமையும் வேறு எந்தப் பொதுச் சாவி முறைக்கும் எளிதில் சொல்ல முடியாதவை.

விலையும் அதற்கேற்றபடி இருக்கிறது. கிளாசிக் மெக்கலீஸ் என்று இப்போது வழங்கும் வடிவத்தில் மிகச் சிறிய அளவையே எடுத்துக்கொள்வோம். குறியீட்டின் நீளம் 3,488 பிட், புரட்டும் பிட்டுகள் 64. பொதுச் சாவி என்பது 768 வரிசையும் 2,720 நிரலும் கொண்ட ஓர் அணி. பெருக்கி எட்டால் வகுத்தால் 2,61,120 பைட் வருகிறது. நீண்ட காலப் பாதுகாப்புக்காக எடுத்துக்கொள்ளப்படும் பெரிய அளவுகளில் ஒன்றான 6960119 என்பதன் பொதுச் சாவி 10,47,319 பைட், அதாவது கைபேசியில் எடுத்துச் சுருக்கி அனுப்பும் ஒரு புகைப்படத்தின் கனம். அதே வேளையில், ரகசியத்தைப் பூட்டி அனுப்பும் பொதி, அதை இனி உறை என்று சொல்வேன், சிறிய அளவில் 96 பைட், பெரிய அளவில் 194 பைட் மட்டுமே. குவாண்டம் தாங்கும் முறைகளில் இவ்வளவு மெலிந்த உறை அரிது. பூட்டு வண்டியில் ஏற்றும் கனம், உறையோ அஞ்சலட்டை.

எம்எல்-கெம் இதே பிழை என்னும் எண்ணத்தை வேறொரு கணக்கில் வைக்கிறது. பள்ளியில் படித்த ஒருங்கமைந்த நேரியல் சமன்பாடுகள்தான் அதன் அடித்தளம். கணக்கைச் சிறிதாக்க, எல்லா எண்ணையும் 17ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வோம். அ = 3, ஆ = 5 என்பது என் ரகசியம். 4அ + 9ஆ என்பது 57, மீதி 6. 7அ + 2ஆ என்பது 31, மீதி 14. இந்த இரண்டு விடைகளையும் அப்படியே வெளியிட்டால், நீக்கல் முறை தெரிந்த எந்த மாணவரும் 3, 5 என்று எழுதிவிடுவார். நான் முதல் விடையில் ஒன்றைக் கூட்டி 7 என்றும், இரண்டாவதில் ஒன்றைக் குறைத்து 13 என்றும் வெளியிடுகிறேன். இப்போது அதே மாணவர் அதே முறையில் கவனமாகத் தீர்த்தால் அவருக்குக் கிடைப்பது அ = 13, ஆ = 12. சமன்பாட்டில் போட்டுச் சரிபார்த்தாலும் 7உம் 13உம் சரியாகவே வரும். ரகசியத்துக்கும் அதற்கும் மட்டும் ஒரு தொடர்பும் இருக்காது. ஒரே ஓர் அலகுப் பிழை, நீக்கலின்போது பெருகி விடையை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டது. மாறிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும்போது எல்லாப் பிழைகளையும் ஊகித்துச் சோதிப்பது இயலாத காரியம் என்பதே 2005இல் ஓடெட் ரெகேவ் முன்வைத்த ‘பிழையோடு கற்றல்’ என்னும் சிக்கலின் சாரம்.

எம்எல்-கெம்மில் 17க்குப் பதில் 3,329. தனி எண்களுக்குப் பதில் 256 உறுப்புள்ள பல்லுறுப்புக் கோவைகள். 3,329 என்பது 13 × 256 + 1 என்று அமைந்திருப்பது தற்செயல் இல்லை. கோவைகளை வேகமாகப் பெருக்கும் உத்தி ஒன்று அத்தகைய பகா எண்ணைக் கேட்கிறது. இந்த ஒழுங்கமைப்பினால்தான் அணி முழுவதையும் அனுப்பாமல், ஒரு சிறு விதை எண்ணிலிருந்து இரு தரப்பும் அதை உருவாக்கிக்கொள்ள முடிகிறது. நடுத்தர அளவான எம்எல்-கெம்-768இன் பொதுச் சாவி 1,184 பைட், உறை 1,088 பைட். கணக்கு நேரம் கண்ணிமைப்பில் ஒரு சிறு பங்கு. இந்த மூன்றில் எதிலும் கணக்கு நேரம் தேர்வை மாற்றும் அளவுக்கு இல்லை, மெக்கலீஸின் சாவி உருவாக்கம் மட்டும் விதிவிலக்கு. அங்கே அந்தப் பெரிய அணியை நீக்கல் செய்து ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

இனி இந்த எண்களைக் கம்பியில் ஏற்றிப் பார்ப்போம். இணையத்தில் ஒரு பாக்கெட்டில் தலைப்புகள் போகச் செய்திக்கு மிஞ்சுவது 1,400 பைட் அளவுதான். இதுவரை வழக்கிலிருந்த எக்ஸ்25519 என்னும் நீள்வளைவு முறையில் பிரவுசர் அனுப்பும் சாவி 32 பைட். அது முதல் பாக்கெட்டின் ஒரு மூலையில் அடங்கிக் கிடக்கும். அதோடு எம்எல்-கெம்-768ஐச் சேர்த்தால் 1,216 பைட். இணைப்பைத் தொடங்க பிரவுசர் அனுப்பும் வணக்கச் செய்தியின் மற்ற விவரங்களும் சேரும்போது முதல் பாக்கெட் நிரம்பி இரண்டாவதற்கு வழிகிறது. எச்க்யூசியின் நடுத்தர அளவில் பொதுச் சாவி ஏறத்தாழ 4,500 பைட், உறை ஏறத்தாழ 9,000 பைட். போக நான்கு, வர ஏழு பாக்கெட். மெக்கலீஸின் பெரிய சாவிக்கு ஏறத்தாழ 750 பாக்கெட் வேண்டும். அது போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாலும், வலைத்தள இணைப்புகளைப் பூட்டும் டிஎல்எஸ் 1.3 நெறிமுறையில் சாவிக்கான கட்டத்தின் நீளம் 65,535 பைட்டைத் தாண்ட முடியாது. அதாவது ஒவ்வொரு இணைப்புக்கும் புதுச் சாவி அனுப்பும் வலைத்தளத்துக்கு மெக்கலீஸ் பொருந்தாது என்று முடிவெடுக்க ஆராய்ச்சியே தேவையில்லை, படிவத்திலேயே இடமில்லை.

இரண்டாவது பாக்கெட்டுக்கு வழிவது அற்பமாகத் தோன்றலாம். நான் கவனித்துக்கொண்டிருந்த ஒரு சர்வரின் முன்னே பழைய ஃபயர்வால் பெட்டி ஒன்று இருந்தது. ஒரு நாள் காலை, சிலருக்குத் தளம் திறக்கிறது, சிலருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று அழைப்புகள் வந்தன. ஒரே மேசையில், ஒரே கணினியில், ஒரு பிரவுசரில் திறந்தது, புதுப்பித்த இன்னொன்றில் திறக்கவில்லை. சர்வரின் பதிவில் அந்த இணைப்புக்கான தடமே இல்லை. அரை நாள் தேடிய பிறகு, பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: வணக்கச் செய்தி முழுவதும் ஒரே பாக்கெட்டில் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட அந்தப் பெட்டி, முதல் பாக்கெட்டைப் படித்து, செய்தி குறையாக இருக்கிறது என்று முடிவு கட்டி, இணைப்பைச் சத்தமில்லாமல் கைவிட்டுக்கொண்டிருந்தது. 2024 ஏப்ரலில் க்ரோம் 124ஆம் பதிப்பு, எம்எல்-கெம்மின் முன்னோடியான கைபரை எக்ஸ்25519உடன் சேர்த்த, இதே அளவுள்ள கலப்புச் சாவியை இயல்பாகவே அனுப்பத் தொடங்கியபோது பல இடங்களில் இதே சிக்கல் எழுந்தது. ஆகவே எம்எல்-கெம்முக்கு மாறுபவர் முதலில் சோதிக்க வேண்டியது சர்வரை அல்ல. சர்வருக்கும் உலகத்துக்கும் நடுவில் நிற்கும் பெட்டிகளை. அந்தத் தடையைத் தாண்டிவிட்டால் வேறு பெரிய செலவு இல்லை. சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்எச் 2025 ஏப்ரலில் வந்த 10.0 பதிப்பிலிருந்து எம்எல்-கெம் கலப்பையே இயல்பாக வைத்திருக்கிறது. சிக்னல் செயலி 2023 செப்டம்பரிலேயே கைபரைச் சேர்த்துக்கொண்டது. ஆப்பிளின் ஐமெசேஜ் 2024இல் பின்தொடர்ந்தது.

பிறகு ஏன் இன்னொன்று வேண்டும்? மறைகுறியியலின் அண்மைக் கால வரலாறு கொஞ்சம் அச்சமூட்டுவது என்பதால். 2022 பிப்ரவரியில் ரெயின்போ என்னும் கையொப்ப முறையை, என்ஐஎஸ்டி தேர்வின் இறுதிச் சுற்றில் நின்றதை, வார்ட் பியுலென்ஸ் ஒரு மடிக்கணினியில் ஒரு வார இறுதிக்குள் உடைத்தார். அதே ஆண்டு ஜூலைத் தொடக்கத்தில் நான்காம் சுற்றுக்கு அனுப்பப்பட்ட சைக் என்னும் சாவி முறை, அந்த மாதம் முடிவதற்குள் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காஸ்ட்ரிக், டெக்ரு இருவரின் கையில் வீழ்ந்தது. கணினிச் செயலியின் ஒரே ஒரு கருவில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது. இரண்டுமே பல ஆண்டு பலர் பார்த்து ஒப்புக்கொண்டவை. எம்எல்-கெம்மும் ‘பிழையோடு கற்றல்’ சிக்கலும் நிற்கும் லாட்டிஸ் (ஒழுங்கான புள்ளிக் கட்டம்) கணிதத்துக்கும் 2024 ஏப்ரல் 10 அன்று ஓர் அதிர்ச்சி வந்தது. யிலெய் சென் வெளியிட்ட முன்வரைவு ஒன்று, ‘பிழையோடு கற்றல்’ சிக்கலுக்குக் குவாண்டம் வழி ஒன்று கிடைத்துவிட்டதாகச் சொன்னது. எட்டு நாளில் அதன் ஒன்பதாவது படியில் பிழை கண்டுபிடிக்கப்பட்டு, சென்னே அதை ஒப்புக்கொண்டார். அந்த எட்டு நாளும் இந்தத் துறையில் இருந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள். எம்எல்-கெம் பலவீனமானது என்று இதிலிருந்து நான் முடிவு கட்டவில்லை. உலகத்தின் எல்லாக் கதவுக்கும் ஒரே கணிதத்தில் பூட்டுப் போட்டிருக்கிறோம் என்பதை மட்டும் அது உணர்த்தியது.

வேறு கணிதத்தில் நிற்கும் மாற்றுப் பூட்டு வேண்டும் என்பதற்காகவே எச்க்யூசி தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெக்கலீஸில் குறியீட்டின் உள்ளமைப்பே ரகசியம். எச்க்யூசியிலோ குறியீடு எல்லோருக்கும் தெரிந்தது: ரீட்-முல்லர், ரீட்-சாலமன் என்ற இரண்டு பழையவற்றை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியது. 1971இல் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய மாரினர் 9 விண்கலம் தன் படங்களை ரீட்-முல்லர் குறியீட்டில்தான் அனுப்பியது; கீறல் விழுந்த சிடி தடங்கலில்லாமல் பாடியதற்குக் காரணம் ரீட்-சாலமன். அனுப்புபவர் ரகசியத்தை இந்தக் குறியீட்டில் எழுதி, அதன் மேல் பெரும் இரைச்சலைக் கொட்டுகிறார். பெறுபவர் தம் தனிச் சாவியைக் கொண்டு அந்த இரைச்சலின் பெரும்பகுதியைக் கழித்துவிடுகிறார். மிஞ்சிய கொஞ்சத்தைப் பொதுக் குறியீடு துடைத்துவிடுகிறது. தனிச் சாவி இல்லாதவருக்கு அந்த முதல் கழித்தல் இயலாது, ஆகவே குறியீடு தெரிந்திருந்தும் பயனில்லை. எலும்புக்கூடு எம்எல்-கெம்மைப் போன்றதே. ஆனால் அங்கே இரைச்சல் சிறியது என்றால் எண்கள் பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன என்று பொருள். இங்கே இரைச்சல் சிறியது என்றால் புரண்ட பிட்டுகள் எண்ணிக்கையில் குறைவு என்று பொருள். இந்த ஒரு வேறுபாட்டினால், லாட்டிஸை உடைக்க ஒருவர் நாளை ஒரு வழி கண்டுபிடித்தால் அது இங்கே அப்படியே செல்லாது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. மிஞ்சும் இரைச்சல் அபூர்வமாகக் குறியீட்டின் திருத்தும் திறனைத் தாண்டிவிடலாம். அப்போது சரியான உறையும் திறக்காது. ஒரு முறை திறக்காமல் போனால் மறுபடி அனுப்பிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் எந்த உறை திறந்தது, எது திறக்கவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டே போனால் தனிச் சாவியையே கட்டியெழுப்பிவிடலாம் என்பதை இதை ஒத்த இன்னொரு குறியீட்டு முறையில் குவோ, யோஹான்சன், ஸ்டான்கோவ்ஸ்கி ஆகியோர் 2016இல் காட்டினார்கள். ஆகவே தவறும் வாய்ப்பு கற்பனைக்கு எட்டாத அளவு சிறியது என்று நிறுவ வேண்டும். எம்எல்-கெம்-768இல் அது 2இன் 164ஆம் அடுக்கில் ஒன்றுக்கும் கீழே. எச்க்யூசியில் அந்த மதிப்பீடு நன்கு பகுத்தாராயப்பட்டது. அதனோடு கடைசி வரை போட்டியிட்ட பைக் என்னும் முறை அளவில் சிறியதாக இருந்தும் பின்தங்கியதற்கு முதன்மைக் காரணம், அதன் தவறும் வாய்ப்பைப் பற்றிய மதிப்பீடு அந்த அளவு உறுதியாக இல்லாததே. மெக்கலீஸில் இந்தக் கவலையே இல்லை. திருத்தக்கூடிய அளவுக்குச் சரியாகத்தான் பிழை செய்யப்படுகிறது, எனவே ஒழுங்காகச் செய்த உறை எப்போதும் திறக்கும்.

அப்படியானால் மெக்கலீஸின் இடம் எது? பொதுச் சாவி ஒரே முறை பயணம் செய்து, அதன் பின் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும் இடம். இரண்டு கிளை அலுவலகங்களுக்கு நடுவில் ஓடும் நிலையான விபிஎன். சாவியை ஒரு முறை பென் டிரைவில் கொண்டுபோய் வைத்துவிடலாம், அதன் பின் ஒவ்வொரு இணைப்பிலும் செல்வது சில நூறு பைட்டுக்குள் அடங்கும் உறை மட்டுமே. ஆவணக் காப்பகம் ஒன்று தன் நீண்டகாலக் கோப்புகளைப் பூட்டி வைப்பதும் இத்தகையதே. ஒரு மெகாபைட் சாவி, பல டெராபைட் காப்பகத்தின் பக்கத்தில் கண்ணுக்கே தெரியாது. இதில் ஒரு குறை உண்டு: சாவி நிலையாக இருப்பதால், தனிச் சாவி என்றாவது களவு போனால் அதுவரை பதிவு செய்யப்பட்டவை எல்லாம் திறந்துவிடும். ரோசன்பாஸ் என்னும் திறமூல மென்பொருள் இதற்கு ஒரு நல்ல விடை சொல்கிறது. வயர்கார்டு விபிஎன்னுக்குத் துணையாக இயங்கும் அது, நிலையான சாவிக்கு மெக்கலீஸையும், ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கி அழிக்கும் சாவிக்குக் கைபரையும் வைத்துக்கொள்கிறது. ஆளை அடையாளம் காண்பதும் நெடுங்காலப் பலமும் ஒன்றிடம், பழையதை மறப்பது இன்னொன்றிடம். முல்வாட் என்னும் விபிஎன் சேவையும் இவ்விரண்டையும் சேர்த்தே பயன்படுத்தியிருக்கிறது. நினைவகம் சில நூறு கிலோபைட் மட்டுமே உள்ள மீட்டர், சென்சார் போன்ற சிறு கருவிகளில் மெக்கலீஸின் பெரிய சாவியைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விற்பனையாளர்கள் முன்வைக்கக்கூடிய வேறு இரண்டு வழிகளைத் தொட்டுவிட்டுப் போகலாம். ஃப்ரோடோகெம் என்பது லாட்டிஸ் வழியே, ஆனால் பல்லுறுப்புக் கோவை ஒழுங்கமைப்பு இல்லாதது. பிஎஸ்ஐ இதையும் பரிந்துரைக்கிறது. அதன் 976 அளவில் பொதுச் சாவி 15,632 பைட், உறையும் ஏறத்தாழ அதே அளவு. எம்எல்-கெம்மின் ஒழுங்கமைப்பைச் சந்தேகிப்பவருக்கு இது நியாயமான தேர்வு. லாட்டிஸையே சந்தேகிப்பவருக்கு இதனால் பயனில்லை. இன்னொன்று, ஒளியிழையில் ஒளித்துகள்களை அனுப்பிச் சாவியைப் பகிரும் குவாண்டம் சாவி விநியோகம். அதற்குத் தனிக் கருவியும் தனி இழையும் வேண்டும். எதிர்முனையில் இருப்பவர் யார் என்று உறுதிப்படுத்த அதற்கும் வேறொரு மறைகுறி முறையே துணை. பிரிட்டனின் இணையப் பாதுகாப்பு மையமான என்சிஎஸ்சியும் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏவும் அதற்குப் பதிலாகக் கணித வழியையே முன்னிறுத்துகின்றன. பொது இணையத்தில் இயங்கும் ஒரு நிறுவனத்துக்கு அது இப்போது ஒரு தேர்வே அல்ல.

இனி என் முடிவுகள். பிரவுசரும் செயலியும் பேசும் எல்லா இணைப்புக்கும் எக்ஸ்25519உடன் கலந்த எம்எல்-கெம்-768ஐ இந்த ஆண்டே இயக்கிவிட வேண்டும். காத்திருப்பதில் லாபம் இல்லை. 512 அளவு பாக்கெட்டில் மிச்சப்படுத்துவது கொஞ்சம்தான். 1024 அளவை, அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு அமைப்புகளுக்கு என்எஸ்ஏ விதித்திருப்பதுபோல், ஒரு விதி கேட்டால் எடுத்துக்கொள்ளலாம். எம்எல்-கெம்மைத் தனியாக இயக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கலப்பில் இரண்டு ரகசியங்களும் சேர்த்துக் கலக்கப்பட்டே இறுதிச் சாவி உருவாவதால், திருடனுக்கு இரண்டையும் உடைத்தால்தான் வழி. கூடுதல் செலவு 32 பைட். 2019இல் கூகுளும் கிளவுட்ஃபிளேரும் நடத்திய ஒரு சோதனையில் சைக் முறை எக்ஸ்25519உடன் கலந்தே ஓடியது; மூன்று ஆண்டு கழித்து சைக் ஒரு மணி நேரத்தில் உடைந்தபோதும் அந்தச் சோதனையில் சென்ற தரவுக்குப் பழைய பூட்டு காவல் நின்றது. இம்முறையை இயக்கும் மென்பொருள் நூலகத்தின் பதிப்பையும் கவனிக்க வேண்டும்: 2023 இறுதியில் கைபர்ஸ்லாஷ் என்ற பெயரில் வெளிவந்த குறை, கணிதத்தில் இல்லை, 3,329ஆல் வகுக்கும் ஒரு வரி, வகுபடும் ரகசிய எண்ணுக்கேற்ப நேரம் எடுத்துக்கொண்டதில் இருந்தது. அதற்குப் பின் திருத்திய பதிப்பு இல்லாத நூலகத்தை நிறுவுவது, நல்ல பூட்டை வாங்கிச் சாவியைத் திண்ணையில் வைப்பது.

நிலையான இரு முனைகளுக்கு நடுவில், முப்பது ஆண்டு காக்க வேண்டிய தரவு ஓடும் இடங்களில், எம்எல்-கெம்மோடு மெக்கலீஸையும் சேர்த்துக்கொள்வேன். அத்தகைய இணைப்புகள் ஒரு நிறுவனத்தில் விரல்விட்டு எண்ணும் அளவே இருக்கும்; அவற்றுக்குக் கையால் சாவி கொண்டுபோவது பெரிய சுமையல்ல.

எச்க்யூசியை இப்போது நிறுவ மாட்டேன். வரைவும் கருத்துக்கேட்பும் முடிந்து 2027 வாக்கில் இறுதித் தரம் வரும் என்று என்ஐஎஸ்டி தேர்வை அறிவித்தபோதே சொல்லியிருக்கிறது. தரம் முடியும் முன் அளவுகளும் விவரங்களும் மாறக்கூடும். ஆனால் அதற்கு இடம் விட்டு வைக்கும் வேலை இன்றைக்கே உரியது. ‘சாவி’ என்ற பெயரில் 32 பைட் மட்டும் ஒதுக்கிய தரவுத்தளக் கட்டங்கள், ‘உறை’ 2,048 பைட்டைத் தாண்டாது என்று நம்பி எழுதிய தாங்கல்கள் (பஃபர்), முறையின் பெயரைக் கட்டமைப்புக் கோப்பில் வைக்காமல் நிரலுக்குள்ளேயே எழுதிவிட்ட வரிகள், இவற்றைத் தேடி எடுக்க வேண்டும். தேடுவதற்கு எளிய வழி ஒன்று: சோதனைச் சூழலில், உண்மையான சாவிக்குப் பதிலாக 4,500 பைட் வெறும் எண்களை அனுப்பி, 9,000 பைட் திரும்பப் பெற்றுப் பார்ப்பது. எந்தப் பெட்டி அதை விழுங்காமல் துப்புகிறதோ, மாற்ற வேண்டிய பட்டியலில் அதன் பெயரை முதலில் எழுதிக்கொள்ளலாம்.